லைன்மேன்: இரண்டரை வினாடிக்கு உழைக்கும் உடம்பு

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர் கண் பந்தோடேயே போய்விடும். யார் எறிந்தார், யார் பிடித்தார், எவ்வளவு தூரம் ஓடினார் என்பதோடு எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும். ஒரு கால் மணி நேரம் பந்தை மறந்துவிட்டு, நடுவில் நெருக்கமாகக் குனிந்து நிற்கும் ஐந்து பேரை மட்டும் பாருங்கள். தாக்கும் அணியின் லைன்மேன்கள் அவர்கள்தான். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு நேரம் வாங்கித் தருவதும், பந்தைச் சுமந்து ஓடுபவருக்கு வழி திறந்து விடுவதும் அவர்கள் வேலை. இந்த ஐவர் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய குவார்ட்டர்பேக்காக இருந்தாலும் மல்லாந்து கிடப்பார்.

எதிரணியிலும் லைன்மேன்கள் உண்டு. குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிப்பது அவர்கள் தொழில். பந்தோடு அவரை வீழ்த்தினால் அதற்கு 'சாக்' என்று பெயர். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1982 முதல் அதை வீரர் பெயரில் கணக்கு வைக்கிறது. தடுப்பவர் பெயரில் லீக் அப்படி எந்தக் கணக்கும் வைப்பதில்லை. அறுபது முறை தடுத்து ஒருமுறை தவறவிட்டால், டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது அந்த ஒருமுறைதான். இங்கே பேசப்போவது தடுப்பவரைப் பற்றி.

விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். திடல் 100 யார்டு நீளம். ஒரு யார்டு மூன்றடி. பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. தரையில் இருக்கும் பந்தை சென்டர் என்பவர் கால்களுக்கிடையே பின்னால் தரும் 'ஸ்னாப்'பில் ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும். நடு ஐவரின் சட்டை எண் 50 முதல் 79 வரை இருக்கும். முன்னோக்கி எறியப்படும் பந்தை இவர்கள் பிடிக்கக் கூடாது. பந்து எறியப்படும்வரை, ஸ்னாப்புக்கு முன் பந்து இருந்த கோட்டைத் தாண்டி ஒரு யார்டுக்கு மேல் போகவும் கூடாது. இந்த எண்காரர் ஒருவர் பந்து பிடிக்கும் இடத்தில் நிற்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்ல வேண்டும்; நடுவர் அதை மைக்கில் எல்லாருக்கும் அறிவிப்பார். எப்போதாவது நடக்கும் அந்தத் தந்திர ஆட்டத்தில் 140 கிலோ மனிதர் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து டச்டவுன் அடித்துவிட்டால் மொத்த அணியும் துள்ளிக் குதிக்கும்.

ஐந்து இடங்கள்

நடுவில் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டு. இரு ஓரங்களிலும் டேக்கிள்.

சென்டருக்கும் அவர் எதிரே நிற்பவருக்கும் இடையே பந்தின் நீளம்தான் இடைவெளி, ஏறக்குறைய 11 அங்குலம். குவார்ட்டர்பேக் ஐந்து யார்டு பின்னால் நின்றால் அவர் மார்புக்கு நேராகப் பந்தை அனுப்பிவிட்டு, அதே நொடியில் எதிராளியின் மோதலைத் தாங்க வேண்டும். அதற்கும் முன்னால் எதிரணியின் நிற்பைப் படித்து, எதிரணி லைன்மேன்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களில் யாரை மையமாக வைத்து எண்ணுவது, யார் யாரைப் பிடிப்பது என்று சத்தம் போட்டுச் சொல்வதும் பெரும்பாலான அணிகளில் அவர்தான். சென்டர் மந்தமானவர் என்றால் மற்ற நால்வரின் திறமையும் வீண்.

கார்டுகள் நெருக்கடிக்குள் வேலை செய்பவர்கள். எதிரே நிற்பவர் 130, 140 கிலோ. விலகி நிற்க இடமே இல்லை. டேக்கிள்கள் நிலை வேறு. அவர்கள் வெட்டவெளியில், எதிரணியிலேயே வேகமான தாக்குதல்காரர்களை எதிர்கொள்கிறார்கள். அதனால்தான் நீளமான கைகளும் லேசான பாதங்களும் டேக்கிளுக்குத் தேவை.

வலக்கைக்கார குவார்ட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் பார்க்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவர் அவர் கண்ணில் படமாட்டார். 1980களில் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் அணிகளையெல்லாம் நடுங்க வைத்தார். 1985 நவம்பர் 18 அன்று அவர் வீழ்த்தியதில் வாஷிங்டன் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது, அத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற ஏற்பாடு 1993இல் வந்தபோது இடது டேக்கிளின் விலை எகிறியது. ஆனால் 'இடது டேக்கிள்தான் ராஜா' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய செய்தியைச் சொல்கிறார்கள். எதிரணிகள் தங்கள் சிறந்த ஆளை இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிறுத்துகின்றன. 2024இல் டெட்ராய்ட் லயன்ஸின் பெனே ஸூவல் நான்கு ஆண்டுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அப்போது அவர் வலது டேக்கிள்.

இரண்டரை வினாடிக்குள்

பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததிலிருந்து எறியப்படும் வரை சராசரியாக இரண்டரை முதல் மூன்று வினாடிக்குள்தான் ஆகும். தடுப்பாளரை அளக்கும் நவீனக் கணக்குகளில் ஒன்றும் இரண்டரை வினாடியையே கோடாக வைத்திருக்கிறது: அதுவரை தாங்கினால் வெற்றி. அதற்குள் நடப்பதை ஓர் இடது டேக்கிளை வைத்துப் பார்ப்போம்.

பாதங்கள் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக விரிந்திருக்கும். முழங்கால் மடங்கும், இடுப்பு மடங்காது. எடை பாதத்தின் உட்பக்கத்தில். ஸ்னாப் ஆனதும் வலது காலால் தரையை உதைத்து இடது காலைப் பின்னோக்கி வைப்பார். வலது கால் அதே அளவு பின்தொடரும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, பாதம் தரையைவிட்டு உயரவும் கூடாது. இப்படிப் பின்வாங்கும்போது தோள் இரண்டும் முன்னோக்கியே இருக்க வேண்டும். புதியவர்கள் செய்யும் முதல் தப்பு இதில்தான். ஓரமாக ஓடி வருபவரைப் பார்த்த பயத்தில் இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். திரும்பிய கணமே உட்பக்கம் கதவு திறந்துவிடும். உட்பக்கம்தான் குவார்ட்டர்பேக்குக்குக் குறுக்கு வழி, ஆகவே டேக்கிள் கடைசிவரை காக்க வேண்டியதும் அதைத்தான். வெளிப்பக்கம் போனவரை இன்னும் தள்ளிவிட்டு, ஏழெட்டு யார்டுக்குப் பின்னால் ஓட வைத்துவிடலாம். குவார்ட்டர்பேக் ஓர் அடி முன்னால் வந்தால் போதும். அவர் அப்படி வராமல் பத்து யார்டு பின்னாலேயே போய் நின்றுகொண்டால் சாக் விழும். திட்டு டேக்கிளுக்குப் போகும்.

அடுத்தது கை. முழங்கை விலாவோடு ஒட்டி, கட்டைவிரல் மேலே பார்க்க, உள்ளங்கையின் அடிப்பகுதி எதிராளியின் நெஞ்சில் இறங்க வேண்டும். சீக்கிரம் நீட்டினால் அவர் கையைத் தட்டிவிட்டுப் போவார். நீட்டிய வேகத்தில் இவர் உடம்பு முன்னால் சாய்ந்துவிடும், சாய்ந்தவரை முன்னே இழுத்து விடுவது சுலபம். தாமதித்தால் எதிராளியின் கை முதலில் இவர் நெஞ்சில் ஏறிவிடும். அப்புறம் மாடு முட்டித் தள்ளுவதுபோல் நேராகக் குவார்ட்டர்பேக் மேலேயே தள்ளிக்கொண்டு போவார். அப்படித் தள்ளும்போது எதிர்த்துத் தள்ளிப் பயனில்லை. இடுப்பைக் கீழே இறக்கி, கையை மறுபடி உட்பக்கம் வைத்து, இரண்டு காலாலும் சின்னதாகப் பின்னால் துள்ளி ஊன்ற வேண்டும். உயரமானவர்களுக்கு இதுதான் கஷ்டம்: யார் தாழ்ந்து நிற்கிறாரோ அவருக்கே பலம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கையை நீட்டுபவரும் தோற்பார். எதிராளி அவர் வீடியோவை வாரம் முழுக்கப் பார்த்திருப்பார். ஒரு முறை இரண்டு கை, ஒரு முறை ஒற்றைக் கை, ஒரு முறை நீட்டுவதுபோல் பாவனை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கபடியில் பிடிப்பதுதான் வேலை. இங்கே பிடித்தால் 10 யார்டு அபராதம். நடைமுறையில் எல்லா லைன்மேனும் சட்டையைக் கொஞ்சம் பற்றத்தான் செய்கிறார். கை எதிராளியின் மார்புக்குள் இருந்து, கால் அவரோடு நகர்ந்துகொண்டே இருந்தால் நடுவர் பெரும்பாலும் அபராதக் கொடியை எறிய மாட்டார். கால் நின்று, கை வெளிப்பக்கம் போய், எதிராளியின் தோள் திரும்பினால் கொடி விழும். ஆக, பிடித்தது குற்றமாகத் தெரிவது கால் சோம்பியதால்தான். இவ்வளவு கையாட்டமும் விதியில் வந்த மாற்றத்தால் உண்டானது. தாக்க வருபவர் தடுப்பவரின் தலைக்கவசத்தில் அறைவதை 1977இல் தடை செய்தார்கள். எறியும் ஆட்டத்தில் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று 1978இல் அனுமதித்தார்கள். அதற்கு முன் முழங்கையை மடக்கி, முஷ்டியை மார்போடு வைத்துத்தான் தடுத்தார்கள்.

தனி மனிதத் திறமை இவ்வளவு. ஆனால் பல சாக்குகள் இருவருக்கிடையே நடக்கும் குழப்பத்தில் விழுகின்றன. எதிரணியில் இருவர் பாதி வழியில் பாதை மாற்றிக் குறுக்கே ஓடுவார்கள். டேக்கிள் தன் ஆளைத் துரத்திக்கொண்டே உள்ளே போனால் கார்டின் மேலேயே மோதுவார், வெளிப்பக்கம் காலியாகிவிடும். சரியான முறை, தன் ஆளைப் பக்கத்திலிருப்பவர் மேல் தள்ளிவிட்டு, அவர் ஆளை வாங்கிக்கொள்வது. அதற்கு இருவரும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் பல ஆண்டு ஆடியவர்களுக்கு இது பேச்சில்லாமலே வரும். ஒரே ஒருவர் காயம்பட்டு வெளியேறினாலும் முழு வரிசையும் தடுமாறுவதற்கு இதுதான் காரணம்.

வெளியூர் ஆட்டத்தில் கூட்டத்தின் இரைச்சலில் குவார்ட்டர்பேக் குரல் கேட்காது. அப்போது கார்டு பின்னால் திரும்பி அவர் சைகையைப் பார்த்து, சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையைத் தூக்கிவிட்டு, ஒப்புக்கொண்ட கணக்கில் பந்தை அனுப்புவார். டேக்கிள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துத்தான் புறப்பட முடியும். எதிராளிக்கும் அதே கணத்தில்தான் தெரியும். வழக்கமாக இருக்கும் அரைநொடி அனுகூலம் போய்விடுகிறது. முந்திக்கொண்டு அசைந்தால் 5 யார்டு அபராதம்.

ஓட்டத்துக்கு வழி திறப்பது

ஓட்ட ஆட்டம் லைன்மேன்களுக்குப் பிடித்தது. பின்வாங்கித் தாங்குவதை விட்டுவிட்டு, இவர்களே முந்திப் பாயலாம். அடிப்படை, இருவர் சேர்ந்து எதிரே நிற்கும் ஒருவரைத் தள்ளுவது. இடுப்போடு இடுப்பு ஒட்டித் தள்ளிக்கொண்டே இருவர் கண்ணும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மேல் இருக்கும். அவர் எந்தப் பக்கம் வருகிறாரோ அந்தப் பக்கத்து ஆள் கழன்று அவரைப் பிடிப்பார். அவசரப்பட்டுக் கழன்றால் முன்னால் இருப்பவர் இடுக்கில் நுழைந்துவிடுவார். தாமதித்தால் லைன்பேக்கர் ஓடுபவரைப் பின்னாலேயே மடக்கிவிடுவார். மற்றொரு வகையில் கார்டு தன் இடத்தை விட்டுப் பின்வாங்கி, வரிசைக்குப் பின்னாலேயே ஓடி, எதிர்ப்பக்கத்து ஓர ஆளை மோதி வெளியே தள்ளுவார். 140 கிலோ உடம்பு ஐந்தாறு யார்டு ஓடி வந்து மோதுவதைப் பார்த்தால் கார்டுகளைப் பற்றிய அபிப்பிராயமே மாறிவிடும்.

உடம்பு, சாப்பாடு, வெயில்

இன்றைய என்.எஃப்.எல். லைன்மேன் பொதுவாக 6 அடி 3 அங்குலத்திலிருந்து 6 அடி 6 அங்குலம் வரை உயரம். எடை 300 முதல் 330 பவுண்டு, அதாவது 136 முதல் 150 கிலோ. இயல்பாகவே இந்த எடையில் பிறந்து வளர்ந்தவர்கள் சிலர்தான். பலர் பள்ளியில் 110, 115 கிலோவில் இருந்தவர்கள்; பல்கலைக்கழகத்தில் நான்கைந்து ஆண்டு எடைப் பயிற்சியும் சாப்பாடுமாக ஏற்றியது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் முதல் ஏழாயிரம் கலோரி வரை தள்ள வேண்டியிருக்கும். பசித்துச் சாப்பிடுவது என்ற பேச்சே இல்லை. படுக்கப் போகுமுன் ஒரு முழுச் சாப்பாடு. ஆட்டக் காலத்தில் வியர்வையிலும் ஓட்டத்திலும் எடை இறங்குவதால் அதைத் தக்கவைப்பதே தனி வேலை. பல அணிகள் வாரந்தோறும் எடை பார்க்கும். குறித்த அளவைத் தாண்டினால் அபராதமும் உண்டு.

பெரிய உடம்புக்கு வெயில் எமன். 2001 ஜூலை கடைசியில் மினசோட்டா வைக்கிங்ஸ் பயிற்சி முகாமில் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் சுருண்டு விழுந்தார். ஆகஸ்ட் 1 அதிகாலை வெப்பத் தாக்கத்தால் இறந்தார். வயது 27. முழுக் கவசத்தோடு பெரிய உடம்பு உண்டாக்கும் சூடு வெளியேற வழியில்லை என்பதுதான் காரணம். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனம் சொல்லும் பாடம் எளிது: முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் உடனே இறக்க வேண்டும். முகாமின் முதல் நாட்களில் முழுக் கவசம் இல்லாமல் படிப்படியாகப் பழக்குவதும் இதே காரணத்தால்தான்.

வேலை கிடைப்பதும் போவதும்

வழக்கமான பாதை: பள்ளி, பல்கலைக்கழகம், பிறகு இண்டியானாபோலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனை, ஏப்ரலில் அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏழு சுற்று டிராஃப்ட். சோதனையில் 40 யார்டு ஓட்டத்துக்கு நேரம் பார்ப்பார்கள். லைன்மேனுக்கு அதில் முதல் 10 யார்டுதான் பொருட்டு. 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார் என்றும் பார்ப்பார்கள். கை நீளமானவருக்கு இதில் எண்ணிக்கை குறையும், திடலில் அதே கைதான் காப்பாற்றும் என்பது வேடிக்கை. கை 33 அங்குலத்துக்குக் குறைந்தால் 'இவர் டேக்கிள் இல்லை, கார்டுதான்' என்று பல அணிகள் முடிவு கட்டிவிடும். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் ஜோ தாமஸுக்கு 32½ அங்குலம். 2007இல் மூன்றாவதாகத் தேர்வான அவர் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். 2017 அக்டோபரில் கையின் பின்தசை கிழிந்தபோதுதான் நின்றது. அளவுகோலை முழுக்க நம்பக் கூடாது என்பதற்கு அவரே சாட்சி.

வேறு வாசல்களும் உண்டு. ஜேசன் கெல்ஸி 2011இல் ஆறாவது சுற்றில், 191ஆவது ஆளாகத் தேர்வானவர். சென்டருக்கே எடை போதாது என்று சொல்லப்பட்ட அவர் பிலடெல்பியா ஈகிள்ஸில் 13 பருவம் ஆடினார். அதே அணியின் ஜோர்டன் மைலாடா சிட்னியில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். 2018இல் 233ஆவது ஆளாக எடுக்கப்பட்டபோது அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் இரண்டு பருவமும் காயத்தோடு வெளியே இருந்தார். 2020இல் முதல் ஆட்டம், 2021இல் 6.4 கோடி டாலர் ஒப்பந்தம், 2025 பிப்ரவரியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் கோப்பை. கைகால் வேலையைக் கற்றுக்கொடுக்கலாம், 6 அடி 8 அங்குலத்தையும் அதில் இருக்கும் வேகத்தையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று அணி கணக்குப் போட்டது.

இவர்கள் விதிவிலக்குகள். முகாமில் 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் 53 ஆகக் குறைப்பார்கள். அதில் தாக்கும் லைன்மேன்கள் எட்டிலிருந்து பத்துப் பேர். ஆட்ட நாளில் எட்டு லைன்மேன்களைச் சேர்த்தால் 48 பேரை இறக்கலாம், இல்லையென்றால் 47 என்பது லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2020 ஒப்பந்த விதி. இந்த ஒரு வரி எத்தனையோ மாற்று லைன்மேன்களுக்கு வேலை வாங்கித் தந்திருக்கிறது. மாற்று ஆளாகப் பிழைக்க வேண்டுமானால் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. கார்டாக இருப்பவர் ஸ்னாப் செய்யக் கற்றுக்கொள்வதுதான் மலிவான காப்பீடு.

2025இல் புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 8,40,000 டாலர். அந்த 53 பேருக்கு வெளியே, பயிற்சிக் குழுவில் இருக்கும் புதியவருக்கு வாரம் 13,000 டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையெல்லாம் கைக்கு வராது. உத்தரவாதம் என்று குறிப்பிட்ட பகுதி மட்டுமே நிச்சயம். மீதி, அணியில் இருந்தால்தான். வரி போக, ஏஜென்ட்டுக்கு 3 சதவீதம் வரை போகும். புதியவர்கள் மொத்தத் தொகையைப் பார்த்து வீடு வாங்குவதும், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அணியிலிருந்து நீக்கியதாகப் போன் வருவதும் இந்தத் தொழிலில் சகஜம்.

வாரத்தில் ஞாயிறு ஆட்டம். திங்கள் வீடியோவும் காயப் பரிசோதனையும். செவ்வாய் பெயருக்கு விடுமுறை; பாதிப் பேர் ஐஸ் தொட்டியிலும் மசாஜ் மேசையிலும்தான் இருப்பார்கள். புதனும் வியாழனும் முழுப் பயிற்சி, வெள்ளி குறைவாக, சனி நடந்தே ஒத்திகை. இப்படி 17 ஆட்டங்கள். தொடக்க வரிசையில் ஆடுபவருக்கு ஆட்டத்துக்கு அறுபது, எழுபது ஸ்னாப். பருவத்துக்கு ஆயிரத்தைத் தொடும்.

காயமும் அதற்குப் பிறகும்

முழங்கால், கணுக்கால், இடுப்பு வட்டு, விரல், தோள் எல்லாமே அடிபடும். மோசமானவற்றில் பல, தன் எதிராளியால் வருவதில்லை. பின்னாலிருந்து வேறு யாரோ காலில் உருண்டு விழும்போது முழங்கால் பக்கவாட்டில் மடங்கும். அதனால்தான் பல லைன்மேன்கள் காயமே இல்லாமலும் முழங்காலில் உலோகப் பட்டை கட்டியிருக்கிறார்கள்.

தலை வேறு விஷயம். மயங்கி விழவைக்கும் மோதல் இவர்களுக்கு அபூர்வம். சிறு மோதல் ஒவ்வொரு ஸ்னாப்பிலும் நடக்கிறது. நான்கு சூப்பர் போல் வென்ற பிட்ஸ்பர்க் சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002இல் 50 வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவை அதில் கண்டார், சி.டி.ஈ. என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2017 ஜூலையில் வெளியான ஆய்வில், தானமாக வந்த 111 என்.எஃப்.எல். வீரர் மூளைகளில் 110இல் அது இருந்தது. அறிகுறி இருந்த குடும்பங்களே பெரும்பாலும் தானம் தந்ததால் இதை எல்லா வீரர்களுக்குமான விகிதமாக எடுக்கக் கூடாது; உயிரோடிருப்பவருக்கு இதை உறுதி செய்யும் சோதனையும் இன்னும் இல்லை. அந்த ஆய்வு வந்த இரண்டாம் நாள் பால்டிமோர் ரேவன்ஸ் கார்டு ஜான் அர்ஷெல் 26 வயதில் ஓய்வு பெற்றார். எம்.ஐ.டி.யில் கணித முனைவர் பட்டம் முடித்து, இப்போது அங்கேயே பேராசிரியராக இருக்கிறார். லீக் செய்திருப்பது, பருவத்தின்போது முழுக் கவசப் பயிற்சியை 14 முறைக்குள் கட்டுப்படுத்தியதும், 2022 முதல் முகாம் பயிற்சியில் லைன்மேன்களுக்குத் தலைக்கவசத்தின் மேல் மெத்தை உறையைக் கட்டாயமாக்கியதும்.

மூன்று பருவம் கணக்கில் சேர்ந்தால் ஓய்வூதிய உரிமை வரும். ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு மருத்துவக் காப்பீடும் உண்டு. மாற்று ஆட்கள் பலர் மூன்றாவது பருவத்துக்காக எந்த அணியின் அழைப்பையும் ஏற்பது இதற்காகத்தான். ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் செய்ய வேண்டியது எடையை இறக்குவது. ஓட்டம் நின்ற பிறகும் ஆறாயிரம் கலோரிப் பழக்கம் தொடர்ந்தால் இரத்த அழுத்தமும் தூக்கத்தில் மூச்சடைப்பும் சர்க்கரையும் வரிசையாக வரும். ஜோ தாமஸ் ஓய்வு பெற்ற சில மாதங்களில் ஏறத்தாழ 50 பவுண்டு குறைத்தார். வயிறு முட்டச் சாப்பிடுவதை நிறுத்தி, பசித்தால் மட்டும் சாப்பிடுவது, கனமான எடை தூக்குவதை விட்டு நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் மாறுவது என்று பலரும் செய்வது இதைத்தான். தேய்ந்த முழங்காலோடு ஓடிக் குறைக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில் எலும்பு மருத்துவரிடம் போய் நிற்பார்கள்.